வாயை மறைத்த அட்டை

பரீட்சை அட்டையை மூக்குக்குக் கீழே பிடித்து வாயை மறைத்துக்கொள்கிறார். ஏற்கெனவே மாணவர்களின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறார். அது போதாதென்று இந்த அட்டை. யாராவது கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தாலும் உதடு தெரிந்துவிடக் கூடாது. தொண்டையைச் செருமி, குரலிலிருந்து மனுஷியை வெளியே அனுப்பிவிட்டு, தட்டையாக ஆரம்பிக்கிறார்: "இன்ஃபர்மேஷன் கிலோ. விண்ட் டூ செவன் ஜீரோ டிகிரீஸ், ஒன் டூ நாட்ஸ்..." பெஞ்சுகளில் பேனாக்கள் ஓடத் தொடங்குகின்றன.

"மூஞ்சியக் காட்டிப் படிங்கக்கா, பாதியாவது புரியும்," என்று யாராவது ஒருவர் கெஞ்சுவது வழக்கம்.

"ரேடியோவுக்கு மூஞ்சி கிடையாதுப்பா," என்று அட்டைக்குப் பின்னாலிருந்து பதில் வரும். "கிடைக்கிறது குரல் மட்டும்தான். அதை வெச்சுக் குடித்தனம் பண்ணப் பழகு."

விமானிகளுக்கு அவர் டவரக்கா. விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைவிட வயதில் மூத்த வழுக்கைத் தலை கேப்டன்கூட "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். ஒரு டயர் கடையின் மாடியில் இரண்டு அறைகளை எடுத்து, விமானிகளை ஆங்கிலப் பரீட்சைக்குத் தயார் செய்கிறார். எத்தனை வருடம் பறந்தவரானாலும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்தப் பரீட்சையைத் தாண்டியாக வேண்டும். தாண்டாதவர் தரையில் நிற்க வேண்டியதுதான். நேருக்கு நேர் பேசும் பகுதியில் பெரும்பாலும் யாரும் விழுவதில்லை. விழுவதெல்லாம் இந்தப் பதிவுகளைக் கேட்டு எழுதுவதில்தான்.

ஒவ்வொரு விமான நிலையமும் தன் நிலவரத்தைப் பதிவு செய்து ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது, எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெரியும், மேகம் எந்த உயரத்தில் நிற்கிறது, எந்த ஓடுபாதையில் இறங்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும். இறங்க வருகிறவர் முதலில் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதன் பிறகுதான் கோபுரத்தோடு பேச வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஆங்கில எழுத்து உண்டு; H என்றால் 'ஹோட்டல்', K என்றால் 'கிலோ' என்று படிப்பார்கள். நிலவரம் மாறினால் புதுப் பதிவு, அடுத்த எழுத்து. புதியது வந்த கணத்தில் பழையது செல்லாது. யோசித்துப் பார்த்தால், மனிதர்களின் பேச்சில் இவ்வளவு நாணயமானது குறைவு. 'இந்த நேரத்தில் இது உண்மை, கொஞ்ச நேரத்தில் இது உண்மையாக இல்லாமல் போகலாம்' என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிற பேச்சு அது.

அந்த நாணயம் டவரக்காவின் வாழ்க்கைக்குள்ளும் கொஞ்சம் கசிந்திருக்கிறது. யாராவது வம்பு பேச வந்தால், "அது பழைய இன்ஃபர்மேஷன். புதுசு இருந்தா சொல்லு," என்று வெட்டிவிடுவார். கடைக்கு ஆள் அனுப்பினால் வாங்க வேண்டியதைச் சொல்லிவிட்டு, "திருப்பிச் சொல்லு," என்பார். திருப்பிச் சொல்லாதவரை வாசல் தாண்ட விடமாட்டார். வகுப்பறைச் சுவரில் உள்ள கடிகாரம் ஊர் நேரத்தைக் காட்டாது. விமானிகள் எல்லோருக்கும் பொதுவான உலக நேரத்தைக் காட்டும். இது தெரியாத டயர் கடைக்காரர், ஒரு முறை வாடகை விஷயமாக மேலே வந்தவர், பாவம் தப்பு நேரம் காட்டுகிற கடிகாரம் என்று ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பி வைத்துவிட்டார். அன்று வகுப்பு முழுக்க அவருக்கு அர்ச்சனை.

டயர் கடைக்காரரும் வாய்க்குச் சளைத்தவரில்லை. "நீங்களும் காத்தை வெச்சுத்தான் பொழைக்கிறீங்க, நானும் காத்தை வெச்சுத்தான் பொழைக்கிறேன். எங்கிட்ட மட்டும் என்னக்கா இந்த விறைப்பு?" என்பார். காலையில் டவரக்கா படியேறும்போதெல்லாம், "இன்னைக்கு என்ன காத்துக்கா?" என்று கேட்பார். அவரும் நிற்காமலே திசையும் வேகமும் சொல்லிவிட்டுப் போவார். கடைக்காரர் தெருவின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாகக் கட்டியிருக்கும் கலர் பிளாஸ்டிக் கொடிகளைப் பார்த்து, "சரியாத்தான் சொல்றாங்க," என்று தலையாட்டிக்கொள்வார்.

நல்ல ஆசிரியை என்று அவரைச் சட்டென்று சொல்லிவிட முடியாது. பொறுமை கிடையாது. சிவப்புப் பேனாவை ரொம்ப அழுத்துவார். ஒருவர் திக்கித் திணறி விடை தேடும்போது, காத்திருக்காமல் தானே சொல்லிவிட்டு அவரையும் முறைப்பார். கீழே டயர் கடையின் கம்ப்ரசர் உறுமும்போது ஜன்னலைச் சாத்தச் சொன்னால், "ஆகாயத்துல உனக்கு யாரு ஜன்னல் சாத்துவா?" என்பார். அவரிடம் உள்ள ஒரே வித்தை, பதிவின் முடிவுப் பகுதியைப் பிடிக்கக் கற்றுத்தருவது. அதற்கு அவர் வைத்த பெயர் வால். காற்று, மேகம், வெப்பநிலை எல்லாம் எப்போதும் ஒரே வரிசையில் வரும். அவை முடிந்து, கேட்பவர் மூச்சு விட்டுப் பேனாவைக் கீழே வைக்கிற நேரத்தில் ஒரு வரி வரும். பறவைக் கூட்டம். பாரந்தூக்கி. மூடப்பட்ட பாதை.

"விஷம் வால்லதான் இருக்கு. வாலைக் கேளு."

ஒரு நாள் வகுப்பில் வழுக்கைத் தலை கேப்டன் பாதியிலேயே பேனாவை வைத்துவிட்டார்.

"கேப்டன், வால்ல என்ன சொன்னேன்?"

"வால் இருந்துச்சாக்கா?"

"உங்களுக்குத் தலையில முடி இல்லைங்கறதுக்காக இதுக்கு வால் இல்லாமப் போயிடுமா?"

பின் பெஞ்சிலிருந்து, ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் கோ-பைலட் பெண் சிரித்துக்கொண்டே கை தூக்கினாள். "பறவைக் கூட்டம்க்கா. ஓடுபாதைக்குக் கிழக்கால."

"பாத்துக்குங்க. கேப்டன் நேரா அதுக்குள்ள கொண்டுபோய்ச் சொருகிட்டாரு. பிரயாணிங்க எல்லாருக்கும் இன்னைக்கு இறகுத் தலைகாணி இலவசம்."

இன்னொரு பாடமும் உண்டு. விடைத்தாளில் எந்த இடத்தையும் காலியாக விடக் கூடாது. "காலிக்கு மார்க் கிடையாது. கேக்கலைன்னா யோசிச்சு எழுது. வானம் அப்படி என்ன புதுசாப் பண்ணிடப் போகுது?" இதை அவர் எல்லா வகுப்பிலும் சொல்வார். தம்பியிடமும் சொன்னார்.

தம்பி என்றால் கூடப்பிறந்த தம்பி. சரக்கு விமானம் ஓட்டுகிறான். மருந்துப் பெட்டிகள், இயந்திரங்களின் உதிரி பாகங்கள், சில நாள் கூண்டு கூண்டாகக் கோழிக்குஞ்சுகள். "என் பாசஞ்சருங்க யாரும் இதுவரைக்கும் புகார் குடுத்ததில்ல," என்று சொல்லிச் சிரிப்பான். சின்ன வயதில் அவனுக்கு வீட்டில் பாம்புச்செவி என்று பெயர். அப்பாவின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்போதே அவனுக்குக் கேட்டுவிடும். அக்காவும் தம்பியும் விளையாட்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்துக்கொள்வார்கள். அப்பா கடைசிவரை அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

பிற்பாடு அவன் பறக்கவும் இவர் கோபுரத்தில் உட்காரவும் ஆனபோது, பதிவுகளை அங்கே வேலையில் இருப்பவர்களே தங்கள் குரலில் செய்துகொண்டிருந்தார்கள். அதிலும் டவரக்காவின் முறைதான் அதிகம். எங்கெங்கோ போய்விட்டு இறங்க வரும்போதெல்லாம் தம்பிக்கு முதலில் கேட்பது அக்காவின் குரல்தான். அதற்கப்புறம் கணினிக் குரல் வந்தது. எண்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்டிய குரல். இவருக்கும் ஓய்வு பெறும் வயது நெருங்கியிருந்தது. வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், "இந்த மிஷின் பேசறது ஒண்ணும் வெளங்கலக்கா," என்று விமானிகள் யாராவது அலுத்துக்கொண்டால், அன்று அவருக்குத் தேநீர் இன்னும் கொஞ்சம் இனிக்கும். அதையே தம்பி சொன்னபோது இரட்டிப்பாக இனித்தது. "வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறான்க்கா அவன். நீ படிச்சப்ப எப்படி இருக்கும்!" என்றான். "ஆமாண்டா," என்றார் இவர். அந்த 'ஆமா'வைப் பின்னால் நிறைய நாள் நினைத்துப் பார்க்கப்போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தம்பி மனைவிகூட ஒரு முறை போனில் சொன்னாள். "அண்ணி, உங்க தம்பிகிட்ட இனிமே நானும் ரேடியோலதான் பேசணும் போல. சமையலறையில இருந்து தொண்டைத் தண்ணி வத்தக் கூப்பிடறேன், மனுஷன் அசையறதே இல்ல."

"சமையலறைப் பக்கத்துல இருந்து கூப்பிட்டா எந்த ஆம்பளைக்கும் காது கேக்காதும்மா. அது பொறக்கும்போதே வர்ற கோளாறு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அது பழைய இன்ஃபர்மேஷன் ஆகிவிட்டது.

இந்த முறை தம்பி பரீட்சையில் இரண்டு தடவை விழுந்தான். அடுத்த வியாழக்கிழமை மூன்றாவது. அதிலும் விழுந்தால் உரிமம் காலாவதியாகிவிடும், பறக்க முடியாது. நேரில் பேசும் பகுதியில் பரீட்சை எடுப்பவர்களே அவன் ஆங்கிலத்தை மெச்சியிருந்தார்கள். பதிவுப் பகுதியில்தான் இரண்டு தடவையும் கவிழ்ந்தான். "என்னடா இது, அக்கா பேரைக் கெடுக்கறதுக்குன்னே பண்றியா?" என்று திட்டி, பறக்காத நாட்களிலெல்லாம் வகுப்புக்கு வரச் சொன்னார். வந்தான். வந்ததும் ஜன்னலோரப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். பறக்கிறவன், வெளிச்சம் பார்த்து உட்காருகிறான் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அவன் விடைகள் விநோதமாக இருந்தன. எண்களெல்லாம் நம்பும்படிதான் இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும். ஆங்கிலம் தெரியாதவனின் தப்பு வேறு மாதிரி. அது பதினைந்தை ஐம்பது என்று எழுதும். இவனுடைய தப்பு அந்த ரகத்தில் சேரவில்லை. மழை கொட்டிய ஒரு நாள், வெயில் கொளுத்தும் ஏதோ ஒரு பாலைவன விமான நிலையத்தின் பதிவைப் போட்டார். தம்பி கனமழை என்று எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது.

"உனக்கு மழைன்னா உலகத்துக்கே மழையாடா?" என்றார் டவரக்கா.

அவனும் அசடு வழியச் சிரித்தான்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. மற்றவர்கள் போய்விட்டார்கள். தம்பி மட்டும் இருந்தான். கீழே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேலிருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு பதிவைப் போட்டுவிட்டு, வழக்கம்போல அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். மூடுபனி கவிந்த விமான நிலையம் அது. காற்றே இல்லை. எண்ணூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. வாலில், ஓடுபாதையின் கடைசிப் பகுதி மூடப்பட்டிருக்கிறது, அங்கே ஆட்களும் இயந்திரங்களும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஸ்பீக்கர் காற்றைச் சொல்லும் இடம் வந்ததும் தம்பியின் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. ஒரு நொடிதான். குனிந்து எழுதினான். மேகம் வரும் இடத்தில் மறுபடி திரும்பியது. இந்த முறை கொஞ்சம் அண்ணாந்து. பிறகு எழுதினான்.

டவரக்கா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். காற்று மேற்கிலிருந்து, நல்ல வேகம். பத்து கிலோமீட்டர் வரை தெளிவு. அங்கங்கே சிறு மேகம். வால் இருக்க வேண்டிய இடத்தில், 'ஒன்றுமில்லை'.

"எந்த ஊரு வானம்டா இது?" என்று கேட்க வாயெடுத்தவர், தானும் ஜன்னலைப் பார்த்தார். டயர் கடைக்காரரின் கலர்க் கொடிகள் கிழக்குப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தன. அதற்கு மேலே வெயிலடிக்கும் வானம். அங்கங்கே சிறு மேகம்.

தம்பி எழுதியதில் தப்பே இல்லை. இந்த ஜன்னலுக்கு அது துல்லியமான விடை. வேறு எவராலும் கொடிகளை வைத்துக் காற்றின் வேகத்தை அவ்வளவு சரியாகச் சொல்லிவிட முடியாது. அப்படி ஒரு தப்பை ஒரு விமானியால் மட்டும்தான் செய்ய முடியும்.

அவர் மேசைப் பக்கம் போனார். ஸ்பீக்கரை நிறுத்தினார். "இன்னொண்ணு. இதை நானே படிக்கிறேன்," என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பின்னால் போனார். அட்டையை வாய்க்கு முன்னால் பிடித்தார். அதே தட்டைக் குரலில் எழுத்தைச் சொன்னார், காற்றைச் சொன்னார், நடுவில் குரலின் உயரம் ஒரு இம்மிகூட மாறாமல், "தம்பி, உன் சட்டைக் காலருக்குள்ள ஒரு தேள் போயிட்டு இருக்கு," என்றார். பிறகு வெப்பநிலை.

தம்பி எழுதிக்கொண்டிருந்தான். எழுதி முடித்து, தலை நிமிர்ந்து, கொடிகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

டவரக்கா முன்னால் வந்து நின்றார்.

"இப்ப என்ன படிச்சேன்?"

"வழக்கமானதுதானக்கா. காத்து, ஓடுபாதை..."

"உன் காலருக்குள்ள தேள் போகுதுன்னு படிச்சேன்."

அவன் துள்ளி எழுந்து இரண்டு கையாலும் காலரை உதறினான். பெஞ்சு பின்னால் சாய்ந்து விழுந்தது. உதறிக்கொண்டிருந்த கை மெல்ல நின்றது. அக்காவைப் பார்த்தான். அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தான். விழுந்த பெஞ்சை எடுத்து நிமிர்த்தி வைத்து, அதன் மேல் உட்கார்ந்தான்.

"எப்போல இருந்துடா?"

"மிஷின் குரல் வந்ததுல இருந்துன்னு நெனச்சேன்க்கா. அவன்தான் சரியாப் பேசலைன்னு நெனச்சேன். நீயும் ஆமான்ன."

டவரக்கா அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பறக்கும்போது?"

"கூட வர்ற கோ-பைலட் பிள்ளை கேட்டு எழுதிக்கும். நான் அதைப் பாத்துக்குவேன். டவர்ல என்ன பேசுவாங்கன்னுதான் தெரியுமே. ஹெட்செட்டை முழுசாத் திருகி வெச்சுக்குவேன்."

"டாக்டர் பாக்கறது இல்லையா?"

"பின்னால நின்னு நம்பர் சொல்லுவாரு. வருஷா வருஷம் அதே நம்பர்." லேசாகச் சிரிக்கப் பார்த்தான். "அவரும் பழைய இன்ஃபர்மேஷன்தான்க்கா படிக்கிறாரு."

இவர் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அந்த நகைச்சுவைக்கு அரை நாள் சிரித்திருப்பார்.

"வியாழக்கிழமையை மட்டும் தாண்டிட்டேன்னா போதும்," என்றான். "அங்க காதுல மாட்டிக்கக் குடுப்பாங்க. சத்தத்தை ஏத்திக்கலாம். பாதி கேக்கும், மீதியை ஒப்பேத்திடுவேன். அது இங்கிலீஷ் பரீட்சைதானக்கா? காதுப் பரீட்சை இல்லையே. எனக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

டவரக்கா விடைத்தாளில் வால் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "காத்தைக் கொடியில பாத்துட்ட. மேகத்தை மேல பாத்துட்ட. இதை எங்கடா பாத்த?"

அவன் அந்த விரலைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்க. அங்க ஆளுங்க நிக்கிறாங்கடா. ஓடுபாதை மேல."

"நீதானக்கா சொன்ன, காலியா விடாதேன்னு."

அவன் குற்றம் சாட்டுவதாகவே தெரியவில்லை. பாடத்தை ஒப்பிக்கிற பையனைப் போலத்தான் சொன்னான். அதனால்தான் அது அவரை அப்படி அடித்தது. கீழே கம்ப்ரசர் நின்றுவிட்டிருந்தது. திடீரென்று அறை ரொம்ப நிசப்தமாகிவிட்டதை அவர் உணர்ந்தார். தம்பிக்கு அது தெரிந்திருக்குமா என்று ஒரு எண்ணம் வந்து போயிற்று.

"அதை விட்டுட்டு வீட்டுல உக்காந்து நான் என்னக்கா பண்ணுவேன்? பொண்டாட்டி திட்டறதுகூட முழுசாக் கேக்காது," என்றான் தம்பி. இந்தத் தடவை அவனாலேயே சிரிக்க முடியவில்லை.

அழகாக ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் உண்டு. டவரக்கா அந்த வகையில் சேர்ந்தவரில்லை. வேலைக்காலம் முழுக்க, உள்ளதை உள்ள வரிசையில் சொல்வது ஒன்றைத்தான் செய்திருக்கிறார்.

"கம்பெனிகிட்ட நீ சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்டா," என்றார். "என்னை அதைச் செய்ய வைக்காத."

தம்பி அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறான், அதைப் பாசம் என்று எத்தனை முறை நினைத்திருப்போம் என்று அவருக்குத் தோன்றியது. பாசமும்தான் இருந்திருக்கும். இரண்டையும் பிரித்தெடுக்க எந்தக் கருவியும் கிடையாது.

"நாளைக்கு வா. ஒரே ஒரு பதிவு போடறேன். கேட்டதை மட்டும் எழுது. கேக்காததை விட்டுடு."

"காலியாவா?"

"காலியா. திருப்பிச் சொல்லு."

"கேட்டதை மட்டும் எழுதணும். கேக்காததை விட்டுடணும்," என்று திருப்பிச் சொன்னான் தம்பி.

மறுநாள் காலை படியேறும்போது டயர் கடைக்காரர் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டே குரல் கொடுத்தார். "இன்னைக்கு என்ன காத்துக்கா?"

"உங்க கொடி இருக்குல்ல, நீங்களே பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு டவரக்கா மேலே போனார். கடைக்காரர் சக்கரத்தைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி வந்துவிட்டிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் விமானிப் பட்டைகள் இல்லாமல். ஜன்னலோரப் பெஞ்சில் அவன் இல்லை. அறையின் மறுகோடியில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே வெறும் சுவர். சுவரில் உலக நேரம் காட்டும் கடிகாரம்.

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு டவரக்கா பின்னால் போய் நின்றார். பேசப்போவது இயந்திரம், இருந்தாலும் பழக்கத்தில் அட்டை வாய்க்கு முன்னால் போய்விட்டது. பதிவு ஓடியது. தம்பி கண்களை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஸ்கூட்டர் சத்தத்துக்குக் காத்திருக்கும் சிறுவனைப் போல இருந்தான். ஏதோ எழுதினான். பரீட்சையில் இரண்டு முறை போடுவார்கள் என்பதால் இவரும் இரண்டாவது முறை போட்டார். இந்த முறை பேனா தாளைத் தொட்டது, நகரவில்லை. நின்ற இடத்தில் ஒரு மைப்புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு பேனாவை மூடினான்.

தாளைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினான். வாங்கிப் பார்த்தார். 'ஹோட்டல்' என்று பதிவின் எழுத்து மட்டும் மேலே இருந்தது. ஆரம்பத்திலும் முடிவிலும் இரண்டு முறை வருவதால் அது ஒன்று மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே காற்றில்லை, மேகமில்லை, ஓடுபாதை இல்லை. இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இப்படி ஒரு தாளைக் கொடுத்ததில்லை. தப்பென்று சுழிக்க அதில் ஒரு இடம்கூட இல்லை. கையிலெடுத்த சிவப்புப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"பரீட்சைக்குப் போகலக்கா," என்றான் தம்பி, சுவரைப் பார்த்தபடியே. "வியாழக்கிழமை காது டாக்டரைப் பாக்கறேன். கம்பெனிக்கு இன்னைக்கே போய் நானே சொல்லிடறேன். வீட்டுல மட்டும் நீ கூட இரு."

"இருக்கேன்," என்றார் டவரக்கா. அவன் திரும்பவில்லை. அவர் சொன்னது கேட்டிருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து, "வால்ல என்னக்கா சொன்னான்?" என்று கேட்டான். கேட்கக் கூச்சப்படுகிறவன் மாதிரி மெதுவாகக் கேட்டான்.

அவர் பின்னாலிருந்தே, அட்டைக்குள்ளிருந்தே பதில் சொல்லத் தொடங்கினார். இரண்டு சொல் போனதும் நிறுத்திக்கொண்டார். மேசைக்கு அடியிலிருந்த ஸ்டூலை எடுத்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றி முன்னால் வந்தார். சுவருக்கும் அவனுக்கும் நடுவில் அதைப் போட்டு, அவன் முழங்காலும் தன் முழங்காலும் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சத்தை மறைத்த அவன் தலையின் நிழல் அவர் வாய்மேல் விழுந்தது. ஸ்டூலை ஒரு சாண் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அட்டையைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.